நெட்டைப் பிள்ளைக்கு மாற்றாக மதுஷா

1

ஐப்பசி விடுமுறைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது அதிசயமாக இராது. அங்கே கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் நின்றாலே யாராவது போர்த்திவிடுவார்கள். பாரிஸில் அதற்கு ஒருவன் கடை திறக்க வேண்டும், அல்லது செத்துப்போக வேண்டும். நான் இரண்டும் செய்யாமலே அந்த மேடையில் நின்றேன்.

பாரிஸின் வடக்குப் புறநகரான பியர்ஃபித்தில் எங்கள் பெண் பிள்ளைகளுக்கு ஒரு கூடைப்பந்துச் சங்கம் இருக்கிறது. அதன் வருடாந்த ஒன்றுகூடல் அது. தலைவர் வரதன் அண்ணை ரூ பெர்தொனே என்ற தெருவில் சேலைக்கடை வைத்திருப்பவர். பொன்னாடை அவருடைய கடையிலிருந்து வந்தது. போர்த்துவதற்கு அவர் எழும்ப, யோகன் ஓடிவந்து, தான்தான் போர்த்துவேன் என்று வாங்கிக்கொண்டான்.

யோகன் என்னைவிட ஆறு வயது இளையவன். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் உணவகம் ஒன்றில் சமையல். மேடை என்றால் அவனுக்கு நடுக்கம். அன்றைக்கு ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"என்ரை மகள் மதுவைப் பெரிய கிளப்பிலை சேர்த்துவிட்டவர் இந்த அண்ணை. தன்ரை பிள்ளையும் அதே ரீமிலை நிக்கேக்கை, மற்றவன்ரை பிள்ளையை முன்னுக்கு அனுப்பிற மனம் எல்லாருக்கும் வராது."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன்; யாருக்காக என்று தெரியாமல். பொன்னாடைக்குள் வேர்வை முதுகில் கோடு போட்டு இறங்கியது. கீழே வந்து உட்கார்ந்ததும் மனைவி வசந்தி என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"என்னப்பா, பாராட்டுறாங்களோ, பொலிசிலை பிடிச்சுக் குடுக்கிறாங்களோ? முழி சரியில்லை."

அவளுக்கு எதுவும் தெரியாது. ஆனால் இருபது வருடம் என் முழியோடு குடும்பம் நடத்தியவள்.

2

நான் என்ன செய்தேன் என்று சொல்வதற்கு முதல் நான் யார் என்று சொல்ல வேண்டும். துப்புரவு நிறுவனம் ஒன்றில் ஆட்களுக்கு நேர அட்டவணை போடுவது என் வேலை. யாருக்கு எந்தக் கட்டடம், எத்தனை மணிக்கு. ஒருவருக்கு முழங்கால் வலி என்றால் படிக்கட்டிலிருந்து எடுத்து வரவேற்பறைக்கு மாற்றுவேன். இருவர் முறைத்துக்கொண்டால் ஒருவரை நகரின் மறுகரைக்கு அனுப்புவேன். பதினாறு வருடம் இதைச் செய்தவனுக்கு மனிதர்கள் கட்டங்களாகத் தெரியத் தொடங்கிவிடுவார்கள்.

இந்த நிலையில்தான் அமெரிக்கக் கூடைப்பந்து என்னைப் பிடித்தது. ஆட்டத்தை விட, ஆட்டத்துக்குப் பின்னால் இருக்கும் அலுவலகம். அங்கே ஒவ்வொரு அணிக்கும் அப்படி ஒன்று உண்டு. பந்தைத் தொடாத, வேர்க்காத மனிதர்கள் அதில் இருப்பார்கள். ஓர் இடத்துக்கு இரண்டு பேரை வைத்துப் போட்டி போட விடுவார்கள். இருவரும் வளர்வார்கள் என்பது எண்ணம். பிஞ்சுகளைக் கீழ்நிலை அணிக்கு அனுப்பி, நன்றாக விளையாட விட்டு, பழுத்ததும் திரும்ப எடுப்பார்கள். கையில் மிஞ்சியதைக் கொடுத்து இல்லாததை வாங்குவார்கள். ஒரு வீரன் காலையில் எழும்பித் தொலைபேசியைப் பார்த்துத்தான் தான் வேறு நகரத்துக்காரனாகிவிட்டதை அறிவானாம். இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு அந்த வீரன் மேல் இரக்கம் வரவில்லை. அலுவலகத்தில் இருந்தவன் மேல் பொறாமை வந்தது.

எங்கள் சங்கத்துக்கு அப்படி ஓர் அலுவலகம் இல்லை. ரூ காய் தெருவில் ஒரு தேத்தண்ணிக் கடையின் கடைசி மேசை இருந்தது. அங்கே மூன்று பேர் கூடுவோம். வரதன் அண்ணை தலைவர். மண்டப வாடகையும் சீருடையும் அவர் பாடு, கூடைப்பந்தில் எத்தனை பேர் விளையாடுவார்கள் என்று இன்றைக்கும் கேட்பார். பயிற்றுநர் நாதின் என்ற பிரெஞ்சுப் பெண். பகலில் பள்ளி ஆசிரியை. பிறகு நான், செயலாளர். நானாக எனக்குக் கொடுத்துக்கொண்ட பதவி ஜெனரல் மனேஜர்.

நாதினுக்குத் தமிழ் தெரியாது. பெற்றோரில் அரைவாசிப் பேருக்கு பிரெஞ்சு, கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். ஆகவே அவர் அவர்களுக்குச் சொல்வதும் அவர்கள் அவருக்குச் சொல்வதும் என் வாய் வழியாகவே போய் வந்தன. தூதரகத்துக்குக்கூட இவ்வளவு அதிகாரம் கிடையாது.

3

பந்தை மேலே கொண்டுபோய், யாருக்கு எப்போது கொடுப்பது என்று தீர்மானித்து, ஆட்டத்தை நடத்துகிறவளை இங்கே மெனேஸ் என்பார்கள். எங்களிடம் பதினாறு வயதில் இரண்டு மெனேஸ். ஒருத்தி யோகனின் மகள் மதுஷா. மற்றவள் என் மகள் ஆரணி.

மதுஷா கெட்டிக்காரி. பந்து அவள் கையில் இருக்கும்போது மற்ற ஒன்பது பேரும் அவளுக்காகக் காத்திருப்பதுபோல இருக்கும். ஆரணி நல்ல பிள்ளை. இந்த இரண்டு வசனத்துக்கும் இடையில் இருக்கும் தூரம் ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்குத் தெரிந்தது. மதுஷா தொடங்குவாள். ஆரணி ஆடுகள ஓரத்து வாங்கில் தண்ணீர்ப் போத்தலோடு உட்கார்ந்திருப்பாள். ஆட்டம் வென்றது என்று உறுதியான பிறகு ஐந்து நிமிடம் இறங்குவாள். திரும்பி வரும்போது காரில் கதைக்கமாட்டாள். அந்த மௌனத்தை நான் எனக்குத் தெரிந்த மொழிக்குப் பெயர்த்தேன்: என் பிள்ளைக்கு மனம் உடைகிறது.

அப்போதுதான் பாரிஸின் மேற்குப் புறத்திலுள்ள பெரிய சங்கம் ஒன்றின் செயலாளரைப் போட்டி ஒன்றில் சந்தித்தேன். தங்களுக்கு ஒரு மெனேஸ் தேவை என்றார். அவர்களிடம் அய்சதா என்றொரு நெட்டைப் பிள்ளை இருந்தாள்; எங்கள் பக்கம் வீடு மாறி வருகிறாள். எங்கள் அணியில் ஆக உயரமான பிள்ளை எழும்பி நின்றால் என் காது வரைக்கும் வருவாள். மதுஷாவைக் கொடுத்து அய்சதாவை எடுக்கலாம் என்று எனக்குள் இருந்த ஜெனரல் மனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழும்பினார்.

இந்த நாட்டில் பிள்ளைகளை யாரும் மாற்றிக்கொள்வதில்லை. வீராங்கனை விரும்பி மாற்றம் கேட்க வேண்டும். அதற்கு முத்தாசியோன் என்று ஒரு படிவம். பெற்றோர் ஒப்பமிட வேண்டும், பிள்ளை ஒப்பமிட வேண்டும். ஆக, மதுஷா விரும்ப வேண்டும். அதை நான் இப்படி ஏற்பாடு செய்தேன்.

நாதினிடம் போய், யோகன் குடும்பம் பெரிய சங்கத்துக்குப் போக ஆசைப்படுகிறது, சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும், பிள்ளையின் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கமாட்டேன் என்றார். யோகனிடம் போய், நாதின் மதுஷாவைப் பெரிய சங்கத்துக்கு அனுப்பச் சொல்கிறார், இஞ்சை அவளுக்குக் கற்றுக்கொள்ள இனி ஒன்றும் இல்லையாம் என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி இருந்திருந்தால் இந்தப் பொய் ஒரு பின்னேரம்கூடத் தாங்கியிராது. இருக்கவில்லை. நான் இருந்தேன்.

படிவத்தை யோகன் வீட்டு மேசையில் வைத்து, விரலால் இடம் காட்டினேன். அவன் ஒப்பமிட்டான். மதுஷா என்னைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள், ஒப்பமிட்டாள். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் கேட்கிற வழக்கம் இல்லை. பாடசாலையை, பாட்டு வகுப்பை, எதிர்காலக் கணவனை எல்லாம் மேசையைச் சுற்றி இருக்கும் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளை பேனையைப் பிடித்தால் போதும்.

சொன்னால் நம்புங்கள், அது அவளுடைய வளர்ச்சிக்குத்தான் என்று நான் மூன்றில் இரண்டு பங்கு நம்பினேன். மிச்சம் ஒரு பங்கு காரில் என் பக்கத்து இருக்கையில் மௌனமாக இருந்தது.

4

பொன்னாடை போர்த்திய அன்று வசந்தி மண்டபத்தில் பாத்திரங்களை எண்ணி முடிக்க நின்றுவிட்டாள். ஆரணியை ஏற்றிக்கொண்டு நான் புறப்பட்டேன். ஆரணி கோபப்படுவது பிரெஞ்சில். தமிழ் அவளுக்குப் பசி வரும்போது. அன்றைக்குப் பிரெஞ்சு.

மதுஷா அங்கே விளையாடுவதில்லை என்றாள். அந்தச் சங்கம் அதே கோடையில் வேறு இரண்டு மெனேஸையும் எடுத்துவிட்டது, இவள் மூன்றாவது. ரயிலில் ஒன்றரை மணித்தியாலம் போய், பயிற்சியில் மற்றவர்களுக்குப் பந்து பொறுக்கிப் போட்டுவிட்டு, ஒன்றரை மணித்தியாலம் திரும்பி வருகிறாள். புதுவருடத்தோடு விளையாட்டையே விட்டுவிடப் போகிறாள். தகப்பனுக்குச் சொல்லவில்லை. அவர் சமையலறையில் எல்லாருக்கும் அவளுடைய புதுச் சீருடைப் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

நான் வீதியைப் பார்த்துக்கொண்டு, அப்படியா, விசாரிக்கிறேன் என்றேன். அலுவலகக் குரல்.

எனக்காகத்தான் அவளை அனுப்பினீர்கள் அப்பா என்றாள். அணியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். யோகன் மாமாவுக்கு மட்டும் தெரியாது. நான் தொடங்கி விளையாட வேண்டும் என்று உங்களிடம் எப்போது கேட்டேன்? நான் காரில் கதைக்காமல் வந்தது களைப்பில். எனக்கு அந்த ஐந்து நிமிடம் போதும். இப்போது நாற்பது நிமிடமும் என் கையில் பந்து. அய்சதா கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறாள், என்னால் அவளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை. ஒவ்வொரு வெள்ளியும், நாளைய ஆட்டம் நின்றுபோகாதா என்று தொலைபேசியைப் பார்க்கிறேன்.

பிறகு தமிழுக்கு வந்தாள். பசி இல்லாமலே.

"உங்கடை அந்த மாஸ்டர் மாதிரித்தானே அப்பா."

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் நான் படித்த பாடசாலையில் விளையாட்டுப் பொறுப்பாசிரியர் ஒருவர் இருந்தார். என்னை அணியிலிருந்து எடுத்துவிட்டுத் தன் அக்காவின் மகனைப் போட்டவர். அந்தக் கதையை நான் முப்பத்தைந்து வருடமாகச் சொல்லி வருகிறேன். கலியாண வீட்டில் சொல்வேன், ரயிலில் சொல்வேன். ஆரணி அதைத் தாலாட்டு மாதிரிக் கேட்டு வளர்ந்தவள். அதில் என்னுடைய பாத்திரம் எது என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

பச்சை விளக்கு விழுந்து, பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்து, மறுபடி சிவப்பு விழுந்தது. நான் அங்கேயே நின்றேன்.

5

பதற்றம் வந்தால் நான் தொலைபேசியை எடுக்கிறவன். திங்கட்கிழமை காலை மாகாணக் கூடைப்பந்து அலுவலகத்தை அழைத்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, சங்கீதம். சங்கீதம் முடிந்து ஒரு பெண் வந்தாள். பருவம் தொடங்கிவிட்டது, மாற்றக் காலம் முடிந்துவிட்டது என்றாள். பிள்ளை அழுகிறாள் என்றேன். அழுவதற்குத் தனிப் படிவம் இல்லை என்பதுபோல விசைப்பலகையைத் தட்டினாள். பிறகு, விதிவிலக்கு ஒன்று கேட்கலாம் என்றாள்: காரணத்தை விளக்கி ஒரு கடிதம், அதன் கீழே சங்கத்தின் பொறுப்பாளரும் பெற்றோரும் வீராங்கனையும் ஒப்பமிட வேண்டும்.

"என்ன மாதிரியான காரணம்?" என்று கேட்டேன்.

"உண்மையான காரணம், மிஸ்யூ" என்றாள்.

மேற்குச் சங்கத்துக்காரர் ஒரு நிமிடத்தில் சம்மதித்துவிட்டார். மதுஷா யார் என்று அவர் இரண்டு தரம் கேட்டது எனக்கு இன்னும் காதில் கிடக்கிறது.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஊராருக்கு எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன். விசாவுக்கு, வீட்டுக்கு, வேலைக்கு, மாமியாரைக் கூப்பிட. மற்றவர்களுடைய உண்மைகளை நான் மடமடவென்று எழுதுவேன். இது நாலு பின்னேரம் எடுத்தது. கடைசியில் ஒரு வசனம் பிறந்தது: அணியின் தேவைகளை மதிப்பிடுவதில் நிர்வாகக் குழுவுக்கு ஏற்பட்ட தவறு காரணமாக. வாசித்துப் பார்த்தேன். உண்மைக்கு அருகில் போய், உண்மையின் கையைக் குலுக்கிவிட்டு, திரும்பி வந்திருந்தது. எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

6

யோகனுடைய உணவகம் திங்கட்கிழமை பூட்டு. அடுத்த திங்கள் பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனேன். பள்ளி விடுமுறை; மதுஷா அறைக்குள் இருந்தாள். யோகன் தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்து வைத்து, பொன்னாடை போர்த்திய படம் ஊரில் இருக்கும் தன் தமையனுக்கு அனுப்பியதைச் சொன்னான்.

அந்தச் சங்கம் சரிவரவில்லை, பிள்ளை விளையாடக் கிடைக்கவில்லை, திரும்பக் கூப்பிடுகிறோம் என்று நான் சொன்னேன். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. ஆனாலும் அவன் சொன்னது, "நீங்கள் பாத்துச் செய்தாச் சரி அண்ணை. கையெழுத்து எங்கை வைக்கிறது?" என்பதுதான். பேனையை எடுத்துவிட்டான்.

நான் விரலைக் காட்டுவதற்குள் மதுஷா வெளியே வந்து, கடிதத்தை எடுத்து, நின்றபடியே வாசித்தாள்.

"எந்தக் குழு மாமா?"

"எங்கடை நிர்வாகக் குழு பிள்ளை."

"வரதன் மாமாவுக்கு மெனேஸ் எண்டா என்னெண்டே தெரியாது. நாதினைக் கேட்டனான். நாங்கள் போக ஆசைப்பட்டதாய்த்தான் தனக்குச் சொன்னவை எண்டு சொன்னவ. ஆர் சொன்னது?"

யோகன் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். நான் வடையைப் பார்த்தேன். அது உதவி செய்யவில்லை.

"உனக்குத் தெரிஞ்சால் ஏன் பிள்ளை அப்பாவுக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று விளங்கியது. அவள் பதில் சொன்னாள்.

"சொல்லி உங்களோடை கோவிச்சால், அப்பா ஆரட்டைப் போய்க் கடிதம் எழுதுவிக்கிறது?"

நான் பகிடிக்காரன். எந்த மேசையிலும் எனக்கு ஒரு பகிடி வரும். அன்றைக்கு வரவில்லை. கடிதத்தை மறுபக்கம் திருப்பி, அவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால், பிரெஞ்சில் ஒவ்வொரு வசனமாக எழுதி, எழுத எழுதத் தமிழில் யோகனுக்குச் சொன்னேன். பயிற்றுநரிடம் குடும்பம் கேட்டதாகச் சொன்னேன். குடும்பத்திடம் பயிற்றுநர் கேட்டதாகச் சொன்னேன். இரண்டும் பொய். என் மகளுக்கு இடம் வேண்டும் என்பதற்காகச் செய்தேன். நாலு பின்னேரம் வராத கடிதம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

யோகன் வடைத் தட்டை எடுத்து மேசையின் ஓரத்துக்கு நகர்த்தினான். கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தினால் சுகமாக இருந்திருக்கும்.

"என்னட்டைக் கேட்டிருக்கலாம் அண்ணை" என்றான் கடைசியில். "நானே மதுவைக் கொஞ்சநாள் இருத்தியிருப்பன். ஆரணியும் எங்கடை பிள்ளைதானே."

இதைவிட அவன் எனக்கு அடித்திருக்கலாம். ஆனால் மதுஷா இந்த முறை தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களோ. நீங்களும் என்னைக் கேக்கமாட்டீங்கள்."

யோகன் கடிதத்தை மகள் பக்கம் தள்ளி வைத்தான். கொடுப்பதற்கு அவன் முன்வந்ததும் எடுப்பதற்கு நான் முன்வந்ததும் ஒரே பிள்ளையை. அந்தச் சிறிய அறையில் இரண்டு நடுவயது ஆம்பிளைகள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மதுஷா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, ஆரணியை அழைத்தாள். கால் மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தார்கள். ஒரு கட்டத்தில் சிரித்தார்கள். எதற்கு என்று எனக்குக் கேட்கவில்லை, கேட்கவும் முயலவில்லை. வெளியே வந்து, திரும்பி வருகிறேன் என்றாள். யார் தொடங்குவது, யார் இருப்பது எல்லாம் இனி நாதினும் நாங்கள் இரண்டு பேரும் கதைத்துக்கொள்வோம் என்றாள். மாமா இனி வாங்குக்குக் கிட்ட வரக்கூடாது. பிறகு கடிதத்தை இன்னொரு தரம் வாசித்து ஒப்பமிட்டு, பேனையைத் தகப்பனிடம் கொடுத்தாள். அவன் என் பக்கம் பார்க்காமலே ஒப்பமிட்டான்.

போகும்போது யோகன் வாசல் வரைக்கும் வந்தான். வழக்கமாக மின்தூக்கி வரைக்கும் வருகிறவன்.

7

நாதினிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கத்தினார், பிரெஞ்சில், ஒழுங்காக. பதவியை விட்டேன். ஜெனரல் மனேஜர் பதவியை. அப்படி ஒன்று இருந்ததே வரதன் அண்ணைக்கு அப்போதுதான் தெரியும். வசந்தி முழுவதையும் கேட்டுவிட்டு, "பொன்னாடையைத் திருப்பிக் குடுத்திட்டு வாங்கோ" என்றாள். வரதன் அண்ணை அதை வாங்கித் திரும்பவும் கடையில் அடுக்கிவிட்டார்.

இரண்டு மாதத்தில் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அந்தக் கடிதத்தை யாராவது வாசித்து முகம் சுளிப்பார்கள், குறைந்தது அடிக்கோடாவது இடுவார்கள் என்று நினைத்திருந்தேன். ஒரு சதுரத்துக்குள் ஒரு சரி அடையாளம். அனுமதிக்கப்பட்டது. இந்த நாடு என்னைக் கண்டிக்கக்கூட மினக்கெடவில்லை. அதை நானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

தை மாத நடுவில் மதுஷா திரும்ப வந்து விளையாடிய முதல் ஆட்டம். நான் பார்வையாளர் படிகளில், வாங்கிலிருந்து ஆகத் தூரமான மூலையில் இருந்தேன். யோகன் வந்தான். பக்கத்தில் இடம் இருந்தது. தலையாட்டிவிட்டு ஒரு படி மேலே, எனக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான்.

மதுஷா தொடங்கினாள். பந்து அய்சதாவின் உயர்ந்த கைக்கு முதல் நிமிடத்திலேயே போய்ச் சேர்ந்தது. இரண்டாம் பகுதியில் ஆரணி இறங்கினாள். ஒரு நல்ல பந்து கொடுத்தாள். இன்னொன்றைக் கொடுக்கப் போனபோது எதிரணிப் பிள்ளை அதைப் பறித்துக்கொண்டு ஓடியது. நாதின் கையைக் காட்டினார். இறங்கி மூன்று நிமிடம் ஆகவில்லை, ஆரணி வெளியே வந்தாள்.

என் முழங்கால்கள் என்னைக் கேட்காமலே நிமிர்ந்தன. மூன்று நிமிடமா? ஒரு பிழைக்கு? வாய்க்குள் பிரெஞ்சு வசனம் தயாராகிவிட்டது. அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் ஜக்கெட்டைப் பிடித்துக் கீழே இழுத்தது.

"இருங்கோ அண்ணை."

இருந்தேன்.